கொடையும் கொடுக்கும் முறையும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

"பாத்திரம் அறிந்து பிச்சை இடு" என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். வாசலில் வந்து நிற்பவர் ஒருவராக இருந்தால் பாத்திரத்தை அறிவது எளிது. முகத்தைப் பார்த்தாலே பசி தெரிந்துவிடும். ஆனால் கொடுக்க விரும்புகிறவரிடம் கோடி கோடியாகப் பணம் இருக்கிறது; பெற வேண்டியவர்களோ ஒரு பெருநகரத்தின் ஒரு பகுதியில் நெருக்கியடித்துக் கொண்டு வாழும் நான்கு இலட்சம் பேர் என்றால், அப்போது பாத்திரத்தை அறிவது எப்படி? பணத்தை யாரிடம் கொடுப்பது? கொடுத்தது ஏழையின் வீடு வரை போய்ச் சேர்ந்ததா என்று எவ்வாறு தெரிந்து கொள்வது? எல்லாவற்றிற்கும் மேலாக, கொடுத்து முடிந்த பின் அந்த மக்கள் முன்னைவிட நிமிர்ந்து நிற்கிறார்களா, அல்லது அடுத்த கொடையை எதிர்பார்த்துக் கை நீட்டி நிற்கிறார்களா?

இக்கேள்விகளுக்கு அமெரிக்க நாட்டினர் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக விடை தேடி வருகின்றனர். அங்கே பெருஞ்செல்வர்கள் நிறுவிய தனியார் அறக்கட்டளைகள், நகரங்களில் வசதி குன்றிய பகுதிகளில் பணியாற்றும் தொண்டு நிறுவனங்களுக்கு நிதியுதவி அளித்து வருகின்றன. அவ்வரலாற்றிலிருந்து மூன்று எடுத்துக்காட்டுகளைப் பார்த்து, கொடையின் அளவைக் காட்டிலும் கொடுக்கும் முறையே பெரிது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

அறக்கட்டளை என்பது யாது?

அறக்கட்டளை என்பது நமக்குப் புதிய சொல் அன்று. கணக்குப் பாடத்தில் முதலாவதாக வரும் மாணவிக்கு ஆண்டுதோறும் பரிசளிக்க வேண்டும் என்று ஒருவர் வங்கியில் பணம் போட்டு வைக்கிறார். முதல் அப்படியே இருக்கும். வட்டியிலிருந்து பரிசு வழங்கப்படும். அமெரிக்கத் தனியார் அறக்கட்டளையும் அடிப்படையில் இது போன்றதே. ஒரு செல்வரோ ஒரு குடும்பமோ பெருந்தொகையை ஒதுக்கி வைக்கின்றனர். அது பங்குகளிலும் பத்திரங்களிலும் முதலீடு செய்யப்படுகிறது. அதன் வருவாய் பொது நன்மைக்குச் செலவாகிறது. இதனைக் கண்காணிக்க அறங்காவலர் குழு ஒன்று உண்டு.

பெரும்பாலான அறக்கட்டளைகள் தாமே பள்ளியோ மருத்துவமனையோ நடத்துவதில்லை. அவ்வேலையைச் செய்யும் தொண்டு நிறுவனங்களுக்குப் பணம் தருகின்றன. அத்தகைய நிறுவனங்கள் இலாப நோக்கமற்றவை. அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 501(சி)(3) என்னும் பிரிவின் கீழ் அவை வரிவிலக்குப் பெறுகின்றன. ஆண்டு இறுதியில் பணம் மீந்தாலும் அதை யாரும் பங்கு போட்டுக் கொள்ள முடியாது. தொண்டிற்கே செலவிட வேண்டும்.

வரிச்சலுகை இருந்தால் அதைத் தவறாகப் பயன்படுத்துவோரும் இருப்பார்கள் அல்லவா? 1960களில் ரைட் பாட்மன் என்னும் காங்கிரஸ் உறுப்பினர் அறக்கட்டளைகளின் கணக்குகளை ஆராயத் தொடங்கினார். சில செல்வர்கள் அறத்தின் பெயரால் தம் குடும்ப நலனைக் காத்துக் கொண்டது வெளியாயிற்று. இதன் விளைவாக 1969ஆம் ஆண்டில் புதிய வரிச்சட்டம் வந்தது. நிறுவனர் குடும்பத்தார் தமக்கும் அறக்கட்டளைக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் வைத்துக் கொள்வது தடை செய்யப்பட்டது. பணத்தைப் பூட்டி வைத்துக் கொண்டே இருக்கவும் வழியில்லை. இன்றைய விதிப்படி ஒரு தனியார் அறக்கட்டளை தன் முதலீட்டு மதிப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கை ஆண்டுதோறும் அறத்திற்குச் செலவிட வேண்டும். நூறு கோடி டாலர் உள்ள அறக்கட்டளை ஆண்டுக்கு ஐந்து கோடி டாலர் செலவிட வேண்டும் என்பது கணக்கு. நியாயமான நிர்வாகச் செலவும் இதில் சேரும். யாருக்கு எவ்வளவு கொடுத்தது என்பதையும் அது அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த அறிக்கையைப் பொதுமக்களும் பார்க்கலாம்.

நூலகம் கட்டித் தந்த கார்னகி

முதல் எடுத்துக்காட்டு ஆண்ட்ரூ கார்னகி. 1835ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் ஒரு கைத்தறி நெசவாளியின் மகனாகப் பிறந்தவர் இவர். 1848ஆம் ஆண்டில் பெற்றோருடன் அமெரிக்கா வந்து, பஞ்சாலையில் நூற்கண்டுகளை மாற்றும் சிறுவனாக வாரம் 1 டாலர் 20 சென்ட் கூலிக்கு வேலை செய்தார். அவர் வாழ்ந்த ஊரில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்னும் பெரியவர் தம் வீட்டிலிருந்த ஏறத்தாழ 400 நூல்களை உழைக்கும் சிறுவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் இரவல் கொடுத்தார். பள்ளிக்குச் செல்ல இயலாத கார்னகிக்கு அதுவே பள்ளியாயிற்று.

பின்னாளில் எஃகுத் தொழிலில் உலகப் பெருஞ்செல்வரான கார்னகி, பல நாடுகளிலுமாக 2,509 நூலகங்கள் கட்டப் பணம் கொடுத்தார். 1901ஆம் ஆண்டில் நியூயார்க் நகருக்கு மட்டும் கிளை நூலகங்கள் கட்ட 52 இலட்சம் டாலர் தந்தார். புதிதாகக் குடியேறிய ஏழைகள் நிறைந்த தெருக்களில் அறுபதுக்கும் மேற்பட்ட நூலகங்கள் எழுந்தன.

இதில் நாம் கவனிக்க வேண்டியது அவர் விதித்த நிபந்தனை. "கட்டடத்திற்கு நான் பணம் தருகிறேன். நிலத்தை ஊரார் தர வேண்டும். கட்டடச் செலவில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் நூல்கள் வாங்கவும் ஊழியர் சம்பளத்திற்கும் ஊர் வரிப்பணத்திலிருந்து ஒதுக்க வேண்டும்" என்பதே அதன் சாரம். 10,000 டாலரில் நூலகம் வேண்டுமானால் ஊர் மன்றம் ஆண்டுக்கு 1,000 டாலர் தருவதாகத் தீர்மானம் போட வேண்டும். முதற்பார்வைக்கு இது கருமித்தனமாகத் தோன்றலாம். ஆனால் எண்ணிப் பாருங்கள்! நிபந்தனை இல்லாதிருந்தால் திறப்பு விழா நடந்த சில ஆண்டுகளில் பல நூலகங்கள் பூட்டிக் கிடந்திருக்கும். ஆண்டுதோறும் தம் வரிப்பணம் செலவாகும் இடத்தை ஊரார் கவனிக்காமல் விடமாட்டார்கள்.

நியூயார்க் நகரத்தில் ஹார்லெம் என்னும் பகுதியில், 135ஆம் தெருவில், 1905ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஒரு கார்னகி நூலகம் உண்டு. பின்னர் அப்பகுதி கறுப்பின மக்களின் தலைநகரம் போல் ஆயிற்று. போர்ட்டோ ரிகோ தீவில் பிறந்த ஆர்துரோ ஷோம்பர்க் என்பவர் கறுப்பின மக்களின் வரலாற்றைக் கூறும் நூல்களையும் ஏடுகளையும் ஓவியங்களையும் வாழ்நாள் முழுவதும் தேடிச் சேர்த்திருந்தார். 1926ஆம் ஆண்டில் கார்னகி அறக்கட்டளை 10,000 டாலர் அளித்து அத்தொகுப்பை இந்நூலகத்திற்கு வாங்கிக் கொடுத்தது. இன்று அது அவர் பெயராலேயே உலகறிந்த ஆராய்ச்சி நூலகமாக விளங்குகிறது.

நிறையைச் சொன்ன நாம் குறையையும் சொல்ல வேண்டும். 1892ஆம் ஆண்டில் ஹோம்ஸ்டெட் என்னும் ஊரில் கார்னகியின் எஃகு ஆலையில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது மோதல் ஏற்பட்டுத் தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். "எங்கள் கூலியைக் குறைத்துச் சேர்த்த பணத்தில் எங்களுக்கே நூலகமா?" என்னும் மனக்கசப்பு உழைப்பாளர் பலரிடம் இருந்தது. மேலும் தென் மாநிலங்களில் கார்னகி பணத்தில் எழுந்த பல நூலகங்களில் கறுப்பின மக்களை உள்ளே விடவில்லை. கட்டடம் நன்றாக இருந்தது. ஆனால் கதவு எல்லாருக்கும் திறக்கவில்லை.

ஒரு பங்கு நான், மூன்று பங்கு நீங்கள்

இரண்டாம் எடுத்துக்காட்டு, மூடிய கதவின் வெளியே நின்றவர்களைப் பற்றியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் வேலை தேடி வடபுல நகரங்களுக்கு வரத் தொடங்கினர். இரயிலிலிருந்து இறங்கிய இளைஞனுக்குத் தங்க இடமில்லை. விடுதிகள் அவனை ஏற்கவில்லை. அந்நாளில் ஒய்.எம்.சி.ஏ. என்னும் இளைஞர் சங்கம் மலிவான தங்கும் அறை, படிப்பகம், உடற்பயிற்சிக்கூடம், மாலை வகுப்பு ஆகியவற்றை நடத்தி வந்தது. ஆயினும் வெள்ளையர் சங்கங்களில் கறுப்பினத்தவருக்கு இடம் தரப்படவில்லை.

சிகாகோ நகரில் சியர்ஸ் ரோபக் என்னும் பெரிய வாணிக நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் ஜூலியஸ் ரோசன்வால்டு. 1862ஆம் ஆண்டில் பிறந்த அவர், ஜெர்மனியிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோரின் மகன். 1911ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில் அவருடைய அறிவிப்பு ஒன்று வெளியாயிற்று. கறுப்பின மக்களுக்கான ஒய்.எம்.சி.ஏ. கட்டடம் ஒன்றிற்கு எந்த நகரத்தார் 75,000 டாலர் திரட்டுகிறார்களோ, அந்நகருக்குத் தாம் 25,000 டாலர் தருவதாக உறுதி கூறினார். யூதர் ஒருவர் கிறிஸ்தவச் சங்கத்தின் கட்டடத்திற்குப் பணம் தர முன்வந்தது பலருக்கும் வியப்பளித்தது.

இந்த ஏற்பாட்டில் கொடையாளரின் பங்கு நான்கில் ஒன்று மட்டுமே. மீதி மூன்று பங்கை ஊரார் திரட்ட வேண்டும். வெள்ளையரும் கொடுத்தனர், கறுப்பின மக்களும் தம் சிறு சேமிப்பிலிருந்து கொடுத்தனர். இண்டியானாபொலிஸ் நகரில் நடந்தது நம் போன்ற பெண்கள் நினைவில் கொள்ளத்தக்கது. அங்கே மேடம் சி. ஜே. வாக்கர் என்னும் கறுப்பினப் பெண்மணி 1,000 டாலர் கொடுத்தார். யார் இவர்? அடிமைகளாயிருந்து விடுதலை பெற்ற பெற்றோருக்கு 1867ஆம் ஆண்டில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாய் தந்தையரை இழந்தவர். பல ஆண்டுகள் பிறர் துணியைத் துவைத்துப் பிழைத்தவர். பின்பு கூந்தல் பராமரிப்புப் பொருள்கள் செய்து விற்று, சொந்த உழைப்பால் தொழில் அதிபரானவர். கோடீசுவரர் ஒருவரின் 25,000 டாலருக்குப் பக்கத்தில் ஒரு காலத்துச் சலவைத் தொழிலாளியின் 1,000 டாலரும் அந்தக் கட்டடத்தின் செங்கற்களாயின. அக்கட்டடம் யாருடையது என்று கேட்டால், "எங்களுடையது" என்று அவ்வூர் மக்கள் சொல்லலாம் அல்லவா?

இவ்வாறு இருபதுக்கும் மேற்பட்ட நகரங்களில் கட்டடங்கள் எழுந்தன. சிகாகோவில் வாபாஷ் தெருவிலுள்ள கட்டடம் 1913ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அங்கே தங்கி வேலைப்பயிற்சி பெற்றோர் பலர். 1915ஆம் ஆண்டில் கார்ட்டர் உட்சன் என்னும் அறிஞர் கறுப்பின மக்களின் வரலாற்றை ஆராயும் கழகத்தை அக்கட்டடத்தில்தான் தொடங்கினார். பின்னாளில் அது பாழடைந்து இடிபடும் நிலை வந்தபோது அப்பகுதி ஆலயங்கள் ஒன்றுசேர்ந்து அதனைக் காத்தன. பின்னர் அது வருமானம் குறைந்தோர் தங்கும் இல்லமாகப் புதுப்பிக்கப்பட்டது. தாம் பணம் போட்ட கட்டடத்தை மக்கள் எளிதில் கைவிடமாட்டார்கள் என்பதற்கு இது சான்று.

இதற்கும் மறுப்பு எழுந்தது. "கறுப்பினத்தவருக்குத் தனிக் கட்டடம் கட்டித் தருவது பிரித்து வைக்கும் வழக்கத்தை ஏற்றுக் கொள்வதாகாதா?" என்று கறுப்பினத் தலைவர் சிலர் கேட்டனர். அது நியாயமான கேள்வியே. கட்டடத்திற்குப் பணம் தருவது ஒன்று. அநீதியைத் தட்டிக் கேட்பது மற்றொன்று. முன்னது பின்னதற்கு ஈடாகாது.

ரோசன்வால்டிடம் இன்னொரு சிறப்பும் இருந்தது. தம் பெயர் என்றென்றும் நிலைக்க வேண்டும் என்று அவர் விரும்பவில்லை. 1917ஆம் ஆண்டில் அவர் நிறுவிய நிதியை, தாம் இறந்து 25 ஆண்டுகளுக்குள் முதலோடு சேர்த்து முழுவதும் செலவிட்டுவிட வேண்டும் என்று எழுதி வைத்தார். ஒவ்வொரு தலைமுறையின் தேவையை அந்தத் தலைமுறையினரே அறிவர் என்பது அவர் எண்ணம். 1932ஆம் ஆண்டில் அவர் காலமானார். 1948ஆம் ஆண்டிலேயே அந்நிதி தன் பணியை முடித்து மூடப்பட்டது.

பால் ஆலை ஊர்ப் பொதுவிடமானது

மூன்றாம் எடுத்துக்காட்டு நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில் உள்ளது. அங்கே பெட்ஃபோர்டு-ஸ்டைவசன்ட் என்னும் இடத்தில் 1960களில் சுமார் நான்கு இலட்சம் பேர் வாழ்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அழகிய பழைய வீடுகள் நிறைந்த அவ்விடத்தை வங்கிகள் வரைபடத்தில் ஒதுக்கி வைத்துவிட்டன. அப்பகுதியில் வீடு வாங்கவோ பழுது பார்க்கவோ கடன் கிடைப்பது அரிதாயிற்று. கடன் இல்லாமல் வீடுகள் சிதைந்தன, தொழில்கள் வெளியேறின, வேலையின்மை பெருகியது.

1966ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் செனட்டர் ராபர்ட் கென்னடி அப்பகுதியைக் காண வந்தார். அங்கே பல ஆண்டுகளாகத் தொண்டாற்றி வந்த எல்சி ரிச்சர்ட்சன் என்னும் பெண்மணியும் பிறரும் அவரைத் தெருத் தெருவாக அழைத்துச் சென்றனர். பின்பு நடந்த கூட்டத்தில் மக்கள் மனம் விட்டுப் பேசினர். எங்களை ஆராய்ந்தது போதும். அறிக்கைகள் எழுதியது போதும். கண்ணால் காணக்கூடிய செயல் வேண்டும் என்பதே அவர்கள் சொன்னதன் கருத்து. அதிலிருந்து 1967ஆம் ஆண்டில் பெட்ஃபோர்டு-ஸ்டைவசன்ட் மறுசீரமைப்புக் கழகம் உருவாயிற்று. அரசின் பணத்தோடு ஃபோர்டு அறக்கட்டளையும் வின்சென்ட் ஆஸ்டர் அறக்கட்டளையும் நிதியுதவி அளித்தன. ஃபோர்டு அறக்கட்டளை 1936ஆம் ஆண்டில் மோட்டார் தொழிலதிபர் ஹென்றி ஃபோர்டின் குடும்பத்தினரால் 25,000 டாலரில் தொடங்கப்பட்டு, பின்னர் உலகின் மிகப்பெரிய அறக்கட்டளைகளில் ஒன்றாக வளர்ந்தது.

கழகத்தின் முதல் தலைவர் ஃபிராங்க்ளின் தாமஸ். அவர் அதே பகுதியில் 1934ஆம் ஆண்டில் பிறந்தவர். சிறுவயதில் தந்தையை இழந்து, தாயின் உழைப்பால் கல்வி கற்று வழக்கறிஞரானவர். அவர் தலைமையில் முதலில் எடுத்துக் கொண்ட வேலைகளுள் ஒன்று வீடுகளின் முகப்பைச் சீர்படுத்துவது. வேலையில்லாத உள்ளூர் இளைஞர்கள் அதற்குப் பயிற்சி பெற்றனர். வீட்டுக்காரர் சிறு தொகை செலுத்த வேண்டும். வீட்டின் உட்புறத்தைத் தாமே பழுது பார்ப்பதாகவும் உறுதி கூற வேண்டும். தெருவின் முகம் மாறியதைக் கண்ட மக்களுக்கு நம்பிக்கை பிறந்தது. இளைஞருக்கு வேலையும் கிடைத்தது. அடுத்து, மூடிக் கிடந்த பால் நிரப்பும் ஆலை ஒன்றை வாங்கி, அலுவலகங்களும் கடைகளும் உள்ள பொதுவிடமாக மாற்றினர். அங்கே 1972ஆம் ஆண்டில் ஒரு நாடக அரங்கும் திறக்கப்பட்டது.

இங்கும் ஒரு முள் இருந்தது. தொடக்கத்தில் இரண்டு கழகங்கள் அமைக்கப்பட்டன. ஒன்று அப்பகுதி மக்களுடையது. மற்றொன்று வங்கியாளர், தொழிலதிபர் முதலியோருடையது. அதில் பெரும்பாலோர் வெள்ளையர். "எங்கள் தெருவைப் பற்றி முடிவு செய்ய வெளியார் குழு எதற்கு?" என்னும் வருத்தம் மக்களுக்கு இருந்தது. 1970களில் இரண்டும் ஒன்றாயின.

கதையின் சிறந்த பகுதி இனிமேல்தான். 1979ஆம் ஆண்டில் ஃபோர்டு அறக்கட்டளைக்குப் புதிய தலைவர் தேவைப்பட்டார். தேர்ந்தெடுக்கப்பட்டவர் யார் தெரியுமா? அதே ஃபிராங்க்ளின் தாமஸ்! நிதியுதவி கேட்டு மேசைக்கு இந்தப் பக்கம் அமர்ந்திருந்தவர், அதை வழங்கும் அந்தப் பக்கத்திற்குச் சென்றார். 1996ஆம் ஆண்டு வரை அப்பொறுப்பில் இருந்தார். பெரிய அமெரிக்க அறக்கட்டளை ஒன்றின் தலைவரான முதல் கறுப்பினத்தவர் அவரே. அவர் பொறுப்பேற்ற சிறிது காலத்தில், சில பெரிய நிறுவனங்களையும் சேர்த்துக் கொண்டு, நாடெங்கும் இத்தகைய உள்ளூர்க் கழகங்களுக்குக் கடனும் உதவியும் வழங்க ஓர் அமைப்பை ஃபோர்டு அறக்கட்டளை தொடங்கியது. பெறுபவரின் நிலையை அறிந்த ஒருவர் கொடுப்பவரானால் உதவி எவ்வாறு வேர் பிடிக்கும் என்பதை இதனால் அறியலாம்.

விண்ணப்பம் முதல் கணக்கு வரை

இன்று ஒரு தொண்டு நிறுவனம் நிதியுதவி பெறுவது எப்படி? சேரிப் பகுதிக் குழந்தைகளுக்கு மாலை நேர வகுப்பு நடத்தும் சிறு நிறுவனம் ஒன்றை எண்ணிக் கொள்வோம். முதலில், தன் வேலைக்குப் பொருத்தமான அறக்கட்டளை எது என்று அது தேட வேண்டும். எல்லா அறக்கட்டளையும் எல்லாவற்றிற்கும் கொடுப்பதில்லை. பின்பு சுருக்கமான கடிதம் ஒன்று எழுத வேண்டும். அறக்கட்டளை விரும்பினால் முழு விண்ணப்பம் கேட்கும். எத்தனை குழந்தைகள், எத்தனை ஆசிரியர், ஆண்டுச் செலவு என்ன, என்ன பயன் விளையும், அதை எப்படி அளப்பீர்கள் என்னும் கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். அலுவலர் ஒருவர் நேரில் வந்து பார்ப்பதும் உண்டு. இறுதியில் முடிவு செய்யப்பட்டு, ஒப்பந்தம் கையெழுத்தாகும். பணம் வந்த பின் குறித்த காலத்தில் அறிக்கையும் கணக்கும் அனுப்ப வேண்டும்.

இம்முறையில் ஒழுங்கு இருக்கிறது, இடர்ப்பாடும் இருக்கிறது. பல உதவிகள் ஒரு குறிப்பிட்ட திட்டத்திற்கு மட்டுமே தரப்படுகின்றன. புத்தகம் வாங்கப் பணம் கிடைக்கும். ஆனால் வகுப்பறை வாடகைக்கும், மின்கட்டணத்திற்கும், கணக்கெழுதுபவர் சம்பளத்திற்கும் கிடைக்காது. விளக்கு எரியாத அறையில் புதுப் புத்தகம் இருந்து என்ன பயன்? ஓராண்டோ இரண்டாண்டோ கழித்து உதவி நின்று போனால் குழந்தைகள் எங்கே போவார்கள்? அழகாக விண்ணப்பம் எழுதத் தெரிந்த பெரிய நிறுவனங்கள் முந்திக் கொள்ள, தெருவில் இறங்கி வேலை செய்யும் சிறிய நிறுவனங்கள் பின்தங்கி விடுவதும் உண்டு.

அறக்கட்டளைகளும் இக்குறைகளை உணரத் தொடங்கியுள்ளன. ஃபோர்டு அறக்கட்டளை 2016ஆம் ஆண்டில் நூறு கோடி டாலர் அளவில் ஒரு திட்டம் தொடங்கியது. தேர்ந்தெடுத்த நிறுவனங்களுக்கு ஐந்தாண்டுக் காலம் தொடர்ந்து உதவுவதும், தம் தேவையறிந்து செலவிடும் உரிமையை அவற்றிற்கே தருவதும் அதன் நோக்கம். நம்பிக் கொடுப்பதும் ஒரு கொடையே.

நாம் கற்க வேண்டிய பாடம்

மூன்று எடுத்துக்காட்டுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் நான்கு உண்மைகள் விளங்குகின்றன.

முதலாவது, பெறுபவரின் பங்கும் கொடையில் கலந்திருக்க வேண்டும். அப்பங்கு சிறிதாயினும் அது உரிமையைத் தருகிறது. ஆனால் பங்கு கேட்பதிலும் அளவு வேண்டும். திரட்ட வழியே இல்லாத ஊரிடம், "முதலில் நீ திரட்டு" என்றால் அது கதவைச் சாத்துவதாகும்.

இரண்டாவது, என்ன தேவை என்பதைப் பெறுபவரிடமே கேட்க வேண்டும். பெட்ஃபோர்டு-ஸ்டைவசன்ட் மக்களைக் கேட்டபோது அவர்களிடம் விடை ஆயத்தமாக இருந்தது. அதுவரை கேட்க ஆளில்லை.

மூன்றாவது, கொடை நின்ற மறுநாள் என்ன ஆகும் என்பதைக் கொடுக்கும் நாளிலேயே எண்ண வேண்டும். கார்னகி அதற்காகவே ஊர் வரியைக் கேட்டார்.

நான்காவது, கொடை நீதிக்கு மாற்று ஆகாது. கூலியைக் குறைத்துவிட்டு நூலகம் கட்டினாலும், பிரித்து வைத்துவிட்டுத் தனிக் கட்டடம் தந்தாலும், மக்கள் நன்றி சொல்வார்கள். ஆனால் கேள்வியும் கேட்பார்கள். அக்கேள்வியை நன்றி கெட்டதனம் என்று எண்ணக்கூடாது.

அன்புத் தோழியரே! நம்மிடம் கோடிகள் இல்லை. ஆயினும் பிடி அரிசி சேர்க்கிறோம்; பழைய பாடநூல்களைத் திரட்டுகிறோம்; விழா நாட்களில் துணிமணிகள் கொடுக்கிறோம். இந்த ஆண்டு நம் சமூக சேவைக் குழு ஒரு குடியிருப்புக்குச் செல்லும் முன், அங்குள்ள தாய்மார் இரண்டு மூன்று பேரை அழைத்து, "உங்களுக்கு எது வேண்டும்?" என்று கேட்கலாம். துணியை விட மாலையில் பிள்ளைகள் படிக்க ஒரு மின்விளக்கு வேண்டும் என்று அவர்கள் சொல்லக்கூடும். அவ்வாறு சொன்னால், இடத்தை அவர்கள் தரட்டும். விளக்கை நாம் வாங்குவோம். மின்கட்டணம் யார் பொறுப்பு என்பதையும் அன்றே பேசி முடிவு செய்வோம். சேர்த்த காசுக்கும் செலவுக்கும் கணக்கெழுதி, நம் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒன்றும், அவர்கள் குடியிருப்பில் ஒன்றுமாக ஒட்டுவோம். கொடுத்தவர்களைப் போலவே பெற்றவர்களும் கணக்கைப் பார்க்க உரிமையுள்ளவர்கள்.

பெற்றோர்களும் ஆசிரியர்களும் அருட்சகோதரியரும் இம்முயற்சியில் எங்களுக்கு வழிகாட்டுவார்கள் என்று நம்புகிறோம். ஒரு தெருவில் ஒரு விளக்கு என்றாலும் போதும். அது அடுத்த ஆண்டும் எரிய வேண்டும். அதை எரிய வைப்பவர்கள் அத்தெருவினராகவே இருக்க வேண்டும்.